இரண்டு பாயிண்ட் போதும்

கேள்வி: மாடல் ரயில் அமைக்க ஆசை. கையில் பணம் குறைவு. எதை முதலில் வாங்கலாம்?

பதில்: எஞ்சினை அல்ல. முதலில் அளவை முடிவு செய்யுங்கள். ஹெச்ஓ என்றால் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; ‘என்’ (N) அளவுக்கு 9 மி.மீ. நடுவில் மனம் மாறினால் வாங்கியதெல்லாம் வீண்.

தண்டவாளத்தில் கஞ்சத்தனம் கூடாது. மின்சாரமே அதன் வழியாகத்தான் போகிறது. அழுக்குப் படிந்தால் எவ்வளவு உசத்தியான எஞ்சினும் திக்கித் திக்கி நின்றுவிடும். இரும்பு துருப்பிடிக்கும், நிக்கல் சில்வர் வாங்குங்கள். (பெயரில்தான் சில்வர், உள்ளே பொட்டு வெள்ளி கிடையாது!)

பெரிய வட்டப்பாதையும் இப்போது வேண்டாம். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற புதிர்ப் பாதையமைப்பைப் பாருங்கள். இரண்டு பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் அமைப்பு), மூன்று கிளைப்பாதை, ஒரு எஞ்சின், எட்டு வேகன். ஐந்து வேகன், மூன்று, மூன்று எனக் கிளைகளில் இடம். எட்டில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் கோத்து ரயிலாக்க வேண்டும். ஒரு பலகைக்குள் அடங்கிவிடும். மாலை முழுக்க மண்டையைக் குடையும்.

டிஜிட்டல் கன்ட்ரோலர் பிறகு. ஒரே எஞ்சினுக்குச் சாதாரண டிசி கன்ட்ரோலர் தாராளம். கட்டடங்களுக்கு அட்டைப்பெட்டி, தரைக்குக் காயவைத்த டீத்தூள்.