ஈஜோக்கில் தோற்றவர்

பெஸ்தாரி ஜெயா

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மன்றத் தலைவர் தேர்தலில் நீ ஏழு ஓட்டில் தோற்றதையும், அன்றிலிருந்து மன்றத்துப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்பதையும் அம்மா சொன்னாள். தோற்றதில் எனக்கும் வருத்தம்தான். நீ போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

உன்னைப் போல் தோற்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2007இல் நீ சின்னப் பையன். ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் சிவலிங்கம் காலமாகி, ஏப்ரல் 28ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. ம.இ.கா. வேட்பாளர் பார்த்திபன் 1,850 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம். லேசுப்பட்ட ஆளா அவர்? நம் மாவட்டத்தில் பிறந்தவர். 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி தோட்டக் கம்பெனியை மலேசியாவின் கைக்குக் கொண்டுவந்ததில் முன்நின்றவர். பிற்பாடு அந்தக் கம்பெனியையே நடத்தியவர். அப்பேர்ப்பட்டவர் சொந்த மாவட்டத்தில், தோட்டமும் கம்பமும் கலந்த ஒரு சின்னத் தொகுதியில் தோற்றார். பத்து மாதம் கழித்து, 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் மறுபடி நின்றார். ஜெயித்தார். சிலாங்கூரின் மந்திரி பெசாரும், அதாவது மாநில முதல்வரும், ஆனார்.

இதோடு நிறுத்தினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2014இல் சொந்தக் கட்சியே அவரை நீக்கியது, பதவியும் போயிற்று. அந்தப் பாதியையும் நீ சேர்த்தே பார்க்க வேண்டும். இன்று ஜெயித்தவனைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம், உன்னை நினைத்துக் கூசவும் வேண்டாம்.

பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில், விடியலில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். மறுநாள் இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அதே நிரைக்குக் கிளம்பிவிடுவார். நேற்றைய மழைக்காக மரத்தோடு சண்டை போட்டதில்லை.

ஜெயித்த பையன் வீட்டுக்கு நீயாகப் போ. மன்றக் கணக்குப் புத்தகத்தை அவன் கையில் கொடு. யார் யார் சந்தா பாக்கி என்பதையும் சொல்லிவிடு. சனிக்கிழமை டியூஷன் வகுப்பை எந்தப் பதவியும் இல்லாத நாளில்தானே ஆரம்பித்தாய்? இப்போது நிறுத்தினால், ஓட்டுக்காகச் செய்தான் என்று ஊர் சொல்லும். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த முறை நிற்பதா என்பதை அப்போது பார்த்துக்கொள்வோம். அப்படி நின்று ஜெயித்தால், தோற்றவன் வீட்டுக்கும் இதே மாதிரி முதல் ஆளாகப் போ.

உன் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறும் அந்தச் சின்னவளுக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை வகுப்புக்கே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா