கணினி வாங்கும் முன்

அச்சு, வடிவமைப்பு வேலைகளுக்குக் கணினி வாங்கச் செல்வோர் பலரும் முதலில் விலையையே கேட்கின்றனர். ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த வேலைக்கு?’ என்பதாகும்.

லெம்பா பெர்த்தாம் தோட்டப்புறத்தில் கோயில் திருவிழா அழைப்பிதழ்களையும் தேயிலைப் பொட்டல உறைகளையும் வடிவமைக்க ஒருவர் கணினி வாங்குவதாகக் கொள்வோம். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது அச்சுத் தரம். அத்தரத்தில் ஏ3 தாளை நிரப்பும் ஒரு படத்தில் 17 மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். இத்தகைய படங்களை அடுக்கடுக்காகச் சேர்க்கும்போது நினைவகம் போதாவிட்டால் கணினி திணறும். எனவே, 16 ஜிகாபைட் நினைவகமாவது இருப்பது நலம்.

அடுத்தது திரை. அது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறங்காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைப் பயன்படுத்துகிறது. ஆகவே, திரையில் பளிச்சிடும் தேயிலைத் துளிரின் பச்சை, தாளில் மங்கிவிடலாம். நிறத்தைச் சரியாகக் காட்டும் திரைக்குச் செலவிடுவது வீணன்று.

தமிழில் அச்சிடுவோர் எழுத்துருவையும் சோதிக்க வேண்டும். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள், அவ்வெழுத்துருக்கள் இல்லாத புதிய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எனவே, பழைய கணினியைக் கைவிடும் முன் அவற்றைப் புதியதில் திறந்து பார்த்தல் அவசியம்.

2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் பழுதான கணினிக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். பல்லாண்டு உழைப்பில் உருவான கோப்புகளை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே, கணினியோடு ஒரு வெளிப்புற வன்தட்டையும் வாங்கி, கோப்புகளின் படியை வேறோர் இடத்தில் பாதுகாப்பதே அறிவுடைமை.