கைப்பிடி சுடுகிறது, கை ஏன் விறைக்கிறது?

வடக்கு ஒன்டாரியோ, மினசோட்டா, அலாஸ்கா பக்கமெல்லாம் குளிர்காலம் பிறந்துவிட்டால் ஏடிவி என்கிற நாலு சக்கர வண்டிக்கு வேலை கூடிவிடும். உறைந்த ஏரிக்கு மீன்பிடிக்கப் போகவும், விறகு இழுக்கவும், வாசலில் குவிந்த பனியைத் தள்ளவும் அதுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. ஓட்டுபவர் குதிரைமேல் உட்காருவதுபோல் காற்றில் உட்கார்ந்திருப்பார். முதலில் விறைப்பது விரல்தான். ஆகவே ஹேண்டில்பாரில் மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடி மாட்டிக்கொள்வது அங்கே சகஜம். மாட்டிய பிறகும் விரல் மரத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: "வாட் போதவில்லை, இன்னும் பெரியதாக வாங்கு." இந்த நம்பிக்கைதான் மற்ற தவறான நம்பிக்கைகளுக்கெல்லாம் தாய். பானையில் ஓட்டை இருக்கும்போது குழாயைப் பெரிதாக்குகிற யோசனை இது.

சூடு எங்கே போகிறது என்று பார்ப்போம். ரப்பர் பிடிக்கு அடியில், ஹேண்டில்பாரைச் சுற்றி ஒட்டப்படும் மெல்லிய படலத்தில்தான் சூடாக்கும் கம்பி ஓடுகிறது. அதற்கு வெளிப்பக்கம் ரப்பர், உட்பக்கம் உலோகம். இரும்பு ரப்பரைவிட நூறு மடங்குக்கு மேலாகச் சூட்டைக் கடத்தும். அலுமினியம் இன்னும் அதிகம். அந்த உலோகக் குழாயோ பிடியோடு முடிவதில்லை, நடுப்பகுதி முழுவதும் குளிர்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டுக்கு இரண்டு வழி திறந்திருக்கையில் அது சுலபமான வழியில்தான் ஓடும். உங்கள் உள்ளங்கைக்கு வருவது மிச்சம் மீதி. இதற்குச் சாட்சி மோட்டார் சைக்கிளிலேயே இருக்கிறது. அங்கே வலக்கைப் பிடிக்கு அடியில் முறுக்கித் திருப்பும் பிளாஸ்டிக் குழாய் உண்டு, இடக்கைப் பிடி நேராக உலோகத்தில் உட்காருகிறது. ஒரே வாட் கொடுத்தாலும் இடக்கை மந்தமாகவே சூடேறும். ஏடிவியில் ஆக்சிலரேட்டர் பெருவிரலால் தள்ளும் சின்ன நெம்புகோல்; எதுவும் முறுக்க வேண்டியதில்லை. அதனால் இரண்டு பிடியுமே வெறும் உலோகத்தின்மேல். பரிகாரம் அற்பமானது: படலத்தை ஒட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரின்மேல் சூடுகாட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாயை ஓர் அடுக்கு போட்டுவிடுவது. அது இல்லாமல் இருபது வாட் கூட்டினால் அதில் பெரும்பங்கு உலோகக் குழாய்க்குத்தான். பைக்குக்கான செட்டை வாங்கி இதில் மாட்டலாம் என்ற எண்ணமும் இங்கேயே அடிபடுகிறது. அதன் வலப்பிடி பிளாஸ்டிக் குழாய்க்காக அகலமாக வார்க்கப்பட்டது. ஏடிவியின் 22 மில்லிமீட்டர் குழாயில் கையோடு சேர்ந்து சுழலும். வேகத்தில் சுழலும் கைப்பிடியைவிடக் குளிர்ந்த கைப்பிடியே மேல்.

அடுத்த கசிவு காற்று. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி, வண்டி 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர்ச் சூத்திரத்தில் போட்டால், வெளியே தெரியும் தோலுக்கு அது மைனஸ் 20 போல. கைப்பிடி சூடேற்றுவது உள்ளங்கையை, காற்று அறைவது விரல் முட்டிகளை. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் ஐஸ்பெட்டி. பலர் இதற்குத் தடித்த கையுறை போட்டுக்கொள்கிறார்கள். கையுறைக்குக் கட்சி கிடையாது. வெளியிலிருந்து வரும் குளிரைத் தடுப்பதுபோலவே கைப்பிடியிலிருந்து வரும் சூட்டையும் தடுக்கும். உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் மேல்பக்கம் தடிப்பாகவும் உள்ள கையுறைதான் இங்கே பொருந்தும். அதற்கும் மேலே கையையும் பிடியையும் சேர்த்து மூடும் பெரிய துணி உறைகள் இருக்கின்றன. பார்க்க யானைக் காது மாதிரி இருக்கும், அதற்காக வெட்கப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் காற்றை நிறுத்துவதில் அதற்கு ஈடு குறைவு. இவ்வளவு செய்தும் பெருவிரல் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். வலப் பெருவிரல் பிடியைத் தொடுவதே இல்லை, மணிக்கணக்கில் நெம்புகோலின்மேல் கிடக்கிறது. "கை சூடாக இருக்கிறது, பெருவிரல் மட்டும் செத்துப்போகிறது" என்றால் கைப்பிடியின் மேல் குற்றமில்லை. நெம்புகோலுக்கென்று தனியாக ஒட்டுகிற சின்னச் சூட்டுப் படலம் வேண்டும்.

உறை இருந்தால் கைப்பிடி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான், அரை மணி நேர ஓட்டத்துக்கு உறையே போதுமென்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறை சூட்டை உண்டாக்காது, இருப்பதைத்தான் காக்கும். உடல் குளிரும்போது விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே சில்லிட்டுப்போன கைக்கு வெளியிலிருந்து கொஞ்சம் சூடு தேவை. "பேட்டரியில் ஓடும் சூட்டுக் கையுறை போட்டால் இரண்டும் வேண்டாமே?" என்பது இன்னொரு வாதம். விரலின் மேல்பக்கத்தையும் சூடேற்றுவதில் அது கைப்பிடியை வென்றுவிடும், மறுக்க முடியாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிப் பனியில் கைவைத்து வேலை செய்கிறவருக்கு ஈரமாவதும், சார்ஜ் போடுவதும், வண்டியோடு வயர் இணைத்துக் கழற்றுவதும் தனித் தொல்லை.

கசிவுகளை அடைத்தபின் எவ்வளவு வாட் வேண்டும்? கைப்பிடி சுவிட்சில் ஹை, லோ என்று இரண்டு நிலை இருக்கும்; இங்கேதான் "லோ என்றால் ஹையில் பாதி" என்ற தவறு வருகிறது. பக்கத்துக்கு 8 ஓம் படலம் ஒன்று என்று கொள்வோம். வண்டி ஓடும்போது சுமார் 13.8 வோல்ட் கிடைக்கும். ஹையில் இரண்டும் பக்க இணைப்பில்: ஏறத்தாழ 48 வாட், மூன்றரை ஆம்ப். பல மலிவான செட்டுகளில் லோ என்பது இரண்டையும் தொடர் இணைப்பாக மாற்றும் சுவிட்ச்தான். அப்போது மொத்தம் 12 வாட்கூட வராது. பாதி அல்ல, கால்பங்கு. திறந்த காற்றில் இந்தக் கால்பங்கு ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும், உறைக்குள் தாராளம். உறைக்குள் ஹையை மணிக்கணக்கில் விட்டுவைப்பதுதான் கவனிக்க வேண்டியது. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947இல் வெளியிட்ட அளவுகளின்படி, 44 டிகிரி தொடர்ந்து பட்டால்கூட ஆறு மணி நேரம்போல ஆனதும் தோல் வெந்துவிடுகிறது; 60 டிகிரிக்கு ஐந்து வினாடி போதும். மரத்த கைக்கும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த கைக்கும் சுடுவது தெரியாது.

பேட்டரி காலியாகிவிடும் என்ற பயத்தையும் இந்தக் கணக்கே பாதி தீர்த்துவிடுகிறது. லோவில் ஒரு ஆம்புக்கும் குறைவு. ஹையின் மூன்றரை ஆம்பையும் ஓடும் இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் பொதுவாகச் சமாளிக்கும். பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். பனி தள்ளும் வண்டியில் இன்ஜின் மெதுவாகவே ஓடும், ஸ்டேட்டரின் உற்பத்தி அப்போது குறைவு. தள்ளுபலகையைத் தூக்கி இறக்கும் வின்ச் ஒவ்வொரு முறையும் பல பத்து ஆம்ப் இழுக்கும். மைனஸ் 18இல் லெட்-ஆசிட் பேட்டரியின் திறனே பாதியளவுக்கு விழுந்திருக்கும். இந்த நிலையில் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் பழி புதிதாக மாட்டிய கைப்பிடிமேல் விழுகிறது, வின்ச் தப்பித்துக்கொள்கிறது. தீர்ப்புக்கு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஐடிலில் விட்டு, விளக்கும் கைப்பிடியும் ஓட, பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 13க்கு மேல் நின்றால் கவலையில்லை, 12.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் செலவாகிக்கொண்டிருக்கிறது.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாவியை அணைத்தால் தானும் அணையும்படி ரிலே வழியாக மின்சாரம் எடுக்க வேண்டும். நேராகப் பேட்டரியில் மாட்டினால் ஒருநாள் மறதி போதும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதைச் செருகுகிறவர்கள் ஃபியூஸ் யாருக்காக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது காப்பது வயரை. மேலே சொன்ன செட்டுக்கு 5 ஆம்ப், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. எல்லாம் முடித்து வயர்களை டையால் கட்டியதும், சமதரையில் கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால், புது வயரோடு சேர்த்து ஆக்சிலரேட்டர் கேபிளையும் இறுக்கிக் கட்டிவிட்டீர்கள். டையை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.