கேத்தில் அடியில் படியும் சுண்ணாம்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்திலைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அதன் அடியில் வெண்மையான அல்லது மங்கிய பழுப்பு நிறமான படை ஒன்றைக் காணலாம். "இவ்வளவு சுண்ணாம்பும் எங்கள் வயிற்றுக்குள்தானே போகிறது" என்று அஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைப்பதையே விட்டுவிடுவோரும் உள்ளனர். இது ஆபத்தான முடிவாகும். படிவை அகற்றலாம், படிவதைக் குறைக்கலாம். ஆனால் கொதிக்கவைப்பதைக் கைவிடலாகாது. ஏன் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

குடாநாடு முழுவதும் மயோசின் காலச் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்துள்ளது. இதே கல் வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம்வரை காணப்படுகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990வரை இயங்கியபோது, அதற்கு மூலப்பொருளாக இருந்ததும் இக்கல்லே.

மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு எமது கிணறுகளை அடைகிறது. கரைந்த கல் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்ததும் வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த கல், கல்சியம் காபனேற்றாக மீண்டும் படியும். அதாவது கேத்தில் அடியில் இருப்பது எமது நிலத்தின் கல்லே.

இவ்வாறு கொதிக்கும்போது நீங்குவதைத் தற்காலிக வன்மை என்பர். கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் சல்பேற்று, குளோரைட்டு உப்புகளால் வருவது நிரந்தர வன்மை. அது கொதித்தாலும் போகாது. சவர்த்தண்ணீர் என நாம் சொல்வது வேறு. அது சாதாரண உப்பு மிகுந்த நீர்.

ஒரு லீற்றர் நீரில் வன்மை 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது மிகவும் வன்மையான நீராகக் கொள்ளப்படுகிறது. ஒரு வீட்டுக் கிணற்றில் தற்காலிக வன்மை மட்டும் 200 மில்லிகிராம் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 லீற்றர் கொதிக்கவைத்தால் 1 கிராம்வரை படியலாம். மாதத்தில் 30 கிராம்வரை சேரலாம்.

வீட்டில் செய்து பார்க்க

இரண்டு போத்தல்களில் ஒன்றில் மழைநீரும் மற்றதில் அதே அளவு கிணற்று நீரும் எடுங்கள். இரண்டிலும் சமஅளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீர் நன்றாக நுரைக்கும். வன்னீரில் நுரை குறைந்து, திரிந்த பால்போன்ற கசடு மிதக்கும்.

இதனால் வரும் தீமை என்ன?

சாதாரண அளவு வன்மையுள்ள நீரைக் குடிப்பதால் உடலுக்குக் கேடு என்று சொல்வதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் விதிக்கவில்லை. சிறுநீரகக் கல் உண்டாவதற்கு, வெய்யிலில் வேலை செய்வோர் போதிய தண்ணீர் குடியாமையே முக்கிய காரணங்களில் ஒன்றாகும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளோர் வைத்தியரின் சொற்படி நடக்கவேண்டும்.

நட்டம் அடுப்படியில்தான். அலுமினியத்தைவிட இப்படை வெப்பத்தைப் பல பத்து மடங்கு குறைவாகவே கடத்தும். விறகும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். மின்கேத்திலில் படிவு மூடிய சுருள் அளவுமீறிச் சூடேறி எரிந்துபோகவும் கூடும்.

அகற்றும் முறை

1. மின்கேத்திலாயின் முதலில் வயரைக் கழற்றி ஆறவிடுங்கள்.

2. படிவு மூடும் அளவுக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாக ஊற்றுங்கள். வினாகிரி இல்லையெனில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்தாறு தேசிக்காய்களின் சாறு போதும்.

3. இளஞ்சூடாக்கி நிறுத்துங்கள். குமிழிகள் எழும்பும், கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதே அது. தேசிக்காய்ச் சாற்றைக் கொதிக்கவைத்தால் வேறொரு வெண்படிவு உண்டாகலாம்.

4. ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அமிலம் அலுமினியத்தையும் அரிக்குமாதலால் அலுமினியக் கேத்திலுக்கு அரை மணியே போதும்.

5. தும்பினால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, ஒருமுறை நல்ல தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள். தடித்த படிவாயின் மறுநாளும் செய்யுங்கள்.

கத்தியாலோ உளியாலோ தட்டவேண்டாம். சுருளின் உறை துளைபட்டால் மின்தாக்கம் ஏற்படும். மலசலகூடம் கழுவும் அமிலத்தைக் கேத்திலில் ஊற்றவேண்டாம். கிணற்றுக்கு இடும் குளோரின் தூளை எந்த அமிலத்துடனும் கலக்கவேண்டாம். நச்சு வாயு எழும்.

படிவதைக் குறைக்க

குடிப்பதற்கான தண்ணீரை அகன்ற பானையில் அடுப்பில் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பு பானையடியில் தங்கும். தெளிந்த நீரைச் சுத்தமான வெள்ளைத் துணியால் வடித்து மின்கேத்திலில் பாவித்தால் சுருள் நெடுநாள் உழைக்கும். பானையைக் கழுவுவது சுருளைக் கழுவுவதிலும் இலகு. இரவில் கேத்திலில் தண்ணீரை விட்டுவைக்காது கவிழ்த்துவிடுங்கள். மாரியில் முதல் மழையைக் கூரை கழுவவிட்டு, பின்னர் வருவதைச் சேகரித்தால் நல்ல மென்னீர் கிடைக்கும். அதையும் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும்.

கொதித்தால் போவதும் போகாததும்

சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் மிகுதி. மலசலகூடக் குழியின் கழிவு அவற்றினூடாக விரைவில் கிணற்றை அடையும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவற்றின் கிருமிகள் அவ்வழியே வரும். தண்ணீர் நன்கு கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் அவை அழியும். ஆகவே படிவுக்கு அஞ்சிக் கொதித்தாறிய தண்ணீரைக் கைவிடுவது சிறிய தொல்லைக்குப் பயந்து பெரிய நோயை அழைப்பதாகும்.

நாம் அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கே. யூரியா முதலிய உரங்களிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது கிணற்றுக்குள் செல்கிறது. கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் செறிவு சிறிது கூடவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், சிறு குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கலாம், உடல் நீலம்பாரிக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. மாப்பால் கொடுக்க நேரும் வீட்டார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்துக்கொள்ளவேண்டும்.

இறைவன் தந்த நீரைக் காப்பது நிலத்துக்கு இடும் உரத்திலும் மலக்குழி வெட்டும் இடத்திலும் தொடங்குகிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் எத்தனை வீடுகளில் தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள்? மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் யாவை?

2. எமது கிணற்றுக்கும் மலக்குழிக்கும், அயலவரின் மலக்குழிக்கும் இடையே எவ்வளவு தூரம்?

3. தோட்டத்துக்கு உரமிடும் நாளில் மழை வந்தால் அந்த உரம் எங்கே போகும்?