ஊர் என்பது யார்?

ஊர் கூடித் தேர் இழுத்தல் தமிழர் வழக்கு. வடம் பிடிக்கும் கைகள் அனைத்தும் ஒன்றுபோல் மதிக்கப்படுகின்றனவா? ஊரின் பெயரால் நடைபெறும் வளர்ச்சிப் பணியின் பயன் ஊரார் அனைவரையும் சென்று சேர்கிறதா? நாட்டின் ஊரக வளர்ச்சி வரலாறு இவ்வினாக்களைத் தொடர்ந்து எழுப்பி வருகிறது.

திட்டத்தின் தோற்றம்

1948ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தின் இட்டாவா மாவட்டத்தில், ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் வழிகாட்டுதலில் ஊரக வளர்ச்சிக்கான முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, 1952 அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு நிதியும் தொழில்நுட்பமும் அளிக்க, மக்கள் உழைப்பை நல்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

பயன் சேர்ந்த இடம்

நோக்கம் உயர்ந்தது, எனினும், ஊரை ஒரே குடும்பமாகக் கருதியதில் குறை இருந்தது. உயர்விளைச்சல் தரும் விதையும் உரமும் நிலம் உடையவருக்கே பயன்பட்டன. பிணை காட்ட இயன்றவருக்கே கடன் எளிதில் கிடைத்தது. சாலை அமைக்க ஒருநாள் உழைப்பைக் கொடையாகத் தந்த கூலித் தொழிலாளி அன்றைய கூலியை இழந்தார். அச்சாலை வழியே விளைபொருளைச் சந்தைக்கு அனுப்பியவரோ நிலவுடைமையாளர். சமமற்றவர்களிடம் சமமான பங்களிப்பைக் கேட்பது சமநீதி ஆகாது.

உரிமையும் நடைமுறையும்

மக்கள் பங்கேற்பு போதாமையை உணர்ந்து, 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு வழங்கியது. ஆயினும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996இல் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டபின், 2006 வரை அங்கு முறையான ஊராட்சித் தலைமை அமையவில்லை. சட்டம் திறந்த கதவைச் சமூகம் அடைத்து நின்றது. அரசின் தொடர் முயற்சியாலேயே அங்குத் தேர்தல் நடைபெற்றது.

நிலமே அடித்தளம்

கீழவெண்மணியில் 1968இல் 44 பேர் உயிரிழந்த துயரத்துக்குப்பின், கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அப்பகுதி மக்களிடையே பணியாற்றினர். 1981இல் லாப்டி என்னும் அமைப்பை அவர்கள் நிறுவினர். நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் பதிவுசெய்வது அதன் வழிமுறை. பிறர் வயலில் கூலி பெற்றவர் தம் வயலுக்கு உரியவராயின், அவர் சொல்லுக்கும் மதிப்பு உண்டாகிறது. இவ்வறப்பணிக்கு 2008இல் மாற்று நோபல் பரிசு எனப்படும் வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது.

வளர்ச்சியின் அளவுகோல்

கிராம சபையில் அனைவருக்கும் இடம் உண்டு. ஆனால், தமக்கு வேலை தருபவரின் முன்னிலையில் ஒரு தொழிலாளி அவரை மறுத்துப் பேச இயலுமா? கூட்டத்திற்கு எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, யார் அச்சமின்றிப் பேசினர், யாருடைய தெருவுக்குக் குடிநீர் முதலில் சென்றது என்பனவே வளர்ச்சியின் உண்மையான அளவுகோல்கள். கடைக்கோடித் தெருவில் வாழ்பவரும் 'இது என் ஊர்' என்று தலைநிமிர்ந்து சொல்லும் நாளில்தான் ஊரின் வளர்ச்சி முழுமை பெறும்.