நெசவாளர் வீட்டு முற்றத்திற்கு ஏற்ற செடிகள்

சில ஆண்டுகளுக்கு முன் நமது சங்கத்து அங்கத்தினர் சிலருடைய வீடுகளுக்கு ஒரே சமயத்தில் கன்றுகள் வாங்கிக் கொடுத்தோம். ரோஜாவும் குரோட்டன்ஸும் வேறு சில அழகுச் செடிகளுமாக, நாற்றங்காலின் நிழலில் தளதளவென்று வளர்ந்திருந்தவை அவை. ஆனி மாதம் பிறந்த முதல் வாரத்தில் கன்றுகள் வீடு சேர்ந்தன. ஆடி முடிவதற்குள் பாதிக்குமேல் கருகிவிட்டன. விற்றவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. செடியையும் மாதத்தையும் தவறாகத் தேர்ந்தவர்கள் நாமே. அந்த நஷ்டத்தில் கற்றதையும், அதற்குப் பின் தாமிரபரணிக் கரையூர்களில் பல வீட்டு முற்றங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

செடியைப் பார்க்குமுன் முற்றத்தைப் பார்க்கவேண்டும். நம் பக்கத்து முற்றத்திற்கு முதற் பகை வெயிலன்று, மேல்காற்று. தென்மேற்குப் பருவமழை பொதிகைக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட, அதன் காற்று மட்டும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வறண்டு வந்து நம்மீது வீசுகிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் ஆனி, ஆடி மாதங்களில் நம் தொட்டிச் செடியின் இலையிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் காணாமற்போகும். ஆகவே மெல்லிய இலையும் உயர்ந்த தண்டுமுள்ள கன்றுகளை அம்மாதங்களில் வாங்குவது வீண். ஆடிப்பட்டம் என்பது வயலுக்குச் சரி. மேற்கே திறந்த முற்றத்தில் நாற்று நடுவதற்கு ஆவணி பாதி கழிந்து காற்று தணியும் காலமே நமக்கு ஏற்றது. அப்போது நட்டவை ஐப்பசி மழைக்குள் வேரூன்றிவிடும்.

இக்காற்று தறியையும் விடுவதில்லை என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பருத்தி நூல் ஈரம் பெறப்பெற வலுக்கும், வறண்டால் முறியும். குழித்தறி தரைக்குள் அமைந்திருப்பதில் ஒரு நன்மை அங்கே மண்ணின் ஈரம் தங்குவதேயாகும். தறிக்கூடத்தின் மேற்குப் பக்கத்தில் இலையடர்ந்த செடிவரிசை ஒன்று நின்று, அதன் அடிமண் நனைந்திருந்தால், உள்ளே வரும் காற்றின் வறட்சி சிறிதேனும் குறையும். இதற்கு நொச்சியும் ஆடாதோடையும் சிறந்தவை. இரண்டும் குச்சி வைத்தாலே பிடிக்கும், ஆடு கடிக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும். இடம் மிகக் குறுகலாயின் மேற்குச் சுவரில் கோவைக்கொடியை ஏற்றலாம். காயும் கிடைக்கும்.

ஆனால் கிழக்குச் சாளரத்தின் எதிரில் எதையும் உயர வளர்த்தல் கூடாது. பந்தல் போட்ட ஆசையில் தறிக்கு வரும் வெளிச்சத்தை அடைத்துவிட்டு, பகலில் விளக்கெரித்து நெய்யும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாவிட்டால் புடலங்காயின் இலாபம் எம்மட்டு? பந்தல் வேண்டுவோர் அடுக்களைப் பக்கமோ மொட்டை மாடியிலோ போட்டுக்கொள்ளலாம். மாடி பழைய கட்டையும் காரையுமாகக் கட்டியதாயின் அங்கும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கனஅடி ஈரமண் ஏறக்குறைய 45 கிலோ எடை; பத்துத் தொட்டி என்பது ஆறேழு ஆட்கள் எந்நேரமும் மாடியில் நிற்பதற்குச் சமம். சுவர்மேல் தாங்குமாறு ஓரத்தில் வைப்பதே முறை.

முற்றத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதை ஒருநாள் முழுதும் இருந்து கணக்கெடுக்க வேண்டும். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழுமிடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, குண்டுமல்லி ஆகியவை காய்க்கும், பூக்கும். அதற்குக் குறைந்தால் இலைமட்டும் வளர்ந்து ஏமாற்றும். நாற்புறமும் சுவர் சூழ்ந்த நடுமுற்றத்தில் வெயில் நண்பகலில் மட்டும் எட்டிப்பார்க்கும். அங்கே பொன்னாங்கண்ணி, வல்லாரை, கற்பூரவல்லி, மணத்தக்காளி, தூதுவளை இவற்றை வைப்பதே அறிவுடைமை. வெற்றிலைக்கும் அரைநிழலும் ஈரக்காற்றும் வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை கூட அகத்தி நிழலில்தான் வளர்க்கப்படுகிறது. துவைகல்லுக்கு அருகே ஒரு கொழுந்தை ஊன்றிச் சுவரில் படரவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைக்குப் போகும் வேலை மிச்சம்.

இனி நீர். இதனைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் நெசவாளர் வீட்டில் நேரும் பெருந்தவறு இங்கேதான் நேர்கிறது. ஆறு அருகில் ஓடினாலும் கோடையில் குழாய்நீர் அளவாகவே வருகிறது. அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவற்றைச் செடிக்கு ஊற்றுவது நல்ல வழக்கம். சோப்பு நீரைக் கீரைக்கு விடலாகாது. புறவாசல் வாழைக்கு விடலாம், அதுவும் ஒரே இடத்தில் தேங்காமல் வாய்க்கால் மாற்றி. ஆனால் நூலுக்குச் சாயமேற்றிய நீரை எந்த உணவுச் செடிக்கும் ஊற்றலாகாது. வாட் சாயமாயின் அதில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் இருக்கும். ரியாக்டிவ் சாயமாயின் உப்பும் சோடாவும் மிகுதியாக இருக்கும். இவற்றிலுள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்கிறது. முதலிரண்டு முறை ஊற்றியபோது செடிக்கு ஒன்றும் நேரவில்லை என்று எண்ணி மூன்றாம் முறையும் ஊற்றுகிறார்கள். பிறகு மேல்மண் ஓடுபோல் காய்ந்து, நீர் இறங்காமல் நின்று, இலை ஓரம் கருகத் தொடங்குகிறது. எட்டாண்டு வளர்ந்த எலுமிச்சை ஒன்று இவ்வாறு பட்டுப்போனதை நாம் நேரில் கண்டோம். அந்த வீட்டார் நோய் என்று எண்ணி மருந்து அடித்துக்கொண்டிருந்தனர். பாவுக்குப் போட்ட கஞ்சியின் மிச்சம் வேறு விஷயம். நீர் கலந்து மரத்தடியில் விடுவதால் கெடுதியில்லை. ஆனால் பூசணம் பிடியாதிருக்க மயில்துத்தம் கலந்த கஞ்சியாயின் அதுவும் ஆகாது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் இரு பங்கு, மக்கிய சாணவெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. இந்த மூன்றாவது பங்கை நாம் இப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துத் தோழர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஆற்றுநீரை நம்பி வயலும் தறியும் வைத்திருக்கும் நாமே தொட்டிக்காக ஒரு சாக்கு மணலுக்கு ஆற்றில் இறங்குவது பொருந்தாது. மணலின் வேலை நீரை வடியவிடுவது. அதனை உமியும் உடைந்த ஓட்டுத்தூளும் செய்யும். தென்னைநார்க் கழிவையும் சேர்க்கலாம். அதில் உப்பு இருக்குமாதலால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்பே சேர்க்கவேண்டும். கீரைக்கு அரையடி ஆழமுள்ள எந்தப் பாத்திரமும் போதும். கத்தரிக்கும் தக்காளிக்கும் ஓரடி வேண்டும். எலுமிச்சையைத் தொட்டியில் வைப்பவர் இரண்டடிக்குக் குறைந்த தொட்டியில் வைத்துவிட்டுப் புளியங்குடிச் சந்தையைக் கனவு காண வேண்டாம்.

மரவகையில் முற்றத்திற்கு முருங்கையை எல்லாரும் விரும்புகின்றனர். கீரையும் காயும் தரும் முருங்கையை நாம் குறைகூறோம். ஆயினும் அதன் கிளை முறியுந்தன்மை உடையது. மேல்காற்றில் ஓடுமேல் விழும். வீட்டின் கீழ்ப்புறத்தில், சுவரினின்று எட்டடி தள்ளி, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை விதைத்து, இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் பக்கக்கிளைகள் பரவும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக மொய்க்கும். பாவு விரிக்குமிடத்திற்கு அருகில் முருங்கை கூடாது என்பதற்கு இதுவே காரணம். அதன் மயிர் பட்டால் மேனி தடிக்கும். கறிவேப்பிலைக்கு இத்தொல்லை இல்லை. பழுத்த பழத்தின் விதையை உடனே ஊன்றவேண்டும், காயவைத்தால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். முதலாண்டு இலை பறியாமல் பொறுப்பது ஒன்றே அதில் கடினமான காரியம்.

பப்பாளி ஒன்பது, பத்து மாதங்களில் பழந்தரும். ஒரு குழியில் மூன்று நாற்று நட்டு, பூவைப் பார்த்த பின் ஆண்செடியை நீக்கி நல்லதொன்றை வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு மரத்திற்கே இடமுள்ளவர்கள் பெண்மரமும் இருபால் மரமும் மட்டுமே தரும் கோ 7 போன்ற இரகத்தைக் கேட்டு வாங்கி, இருபால் பூவுள்ள செடியை நிறுத்திக்கொள்வது நலம். ஆனால் பப்பாளி தேங்கிய நீரைப் பொறுக்காது. இரண்டு நாள் நின்றால் வேர் அழுகும். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடிப்பதைப் பலமுறை பார்த்துப் பழகிய நம் மக்களையும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை திகைக்க வைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. நகரத்தில் வண்ணார்பேட்டை முதலிய தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்திற்கு எந்தச் செடியும் ஈடுகொடாது. எனினும் சாதாரணக் கார்த்திகை மழையில் செடிகள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் முற்றத்துத் தூம்பு அடைபட்டிருப்பதேயாகும். ஐப்பசி பிறக்குமுன் தூம்பைக் குத்திவிட்டு, பாத்திகளை அரையடி உயர்த்திவிட வேண்டும்.

தொட்டியின் அடியில் தட்டு வைப்போர் கவனத்திற்கு: டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. 2012-இல் இக்காய்ச்சல் நம் மாவட்டத்தை எவ்வளவு வாட்டியது என்பதைக் கடையநல்லூர்ப் பக்கத்தார் மறந்திரார். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். ஆதலால் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்க்கவேண்டும். கவிழ்த்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருக்குமாதலால் தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நொச்சி நட்டால் கொசு வராது என்று சொல்லக் கேட்கிறோம். அதன் இலைப்புகை விரட்டும் என்பது உண்மை; செடி சும்மா நிற்பதனால் விரட்டும் என்று நம்பித் தட்டை மறந்துவிட வேண்டாம்.

அரளி நீரின்றியும் பூக்கும் என்று பலர் வைக்கின்றனர். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தையும் ஆடும் நடமாடும் முற்றத்திற்கு அது ஏற்றதன்று. செம்பருத்தியோ நந்தியாவட்டையோ போதும். செம்பருத்தியில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி அப்பிக்கொள்வதுண்டு. பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, மரவள்ளியையும் மல்பெரியையும் பப்பாளியையும் அழித்தது. எத்தனை மருந்து தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிற்றொட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டபின்பே அது அடங்கிற்று. அந்த நுண்குளவிகள் இன்றும் நம் முற்றங்களில் வேலை செய்கின்றன. கடுமருந்து அடிப்பவர் முதலில் கொல்வது அவற்றையே. பீய்ச்சும் நீரால் பூச்சியைக் கழுவி, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்துத் தெளித்தால் வீட்டளவுக்குப் போதும்.

ஒரே வளவில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரு கிணற்றையும் ஒரு முற்றத்தையும் வைத்துக்கொண்டு, எட்டு வீட்டிலும் எட்டுக் கறிவேப்பிலை வளர்ப்பது நமக்கு வியப்பாயிருக்கிறது. வெயில் விழும் கோடி வீட்டார் கத்தரியும் மிளகாயும், நிழல் வீட்டார் கீரையும் வெற்றிலையும், கிணற்றடி வீட்டார் வாழையும் என்று பிரித்து வைத்துக்கொண்டு பறிப்பதைப் பகிர்ந்தால் இடமும் நீரும் மிஞ்சும். வெளியூர் போகும்போது யார் நீர் விடுவது என்ற கேள்வியும் எழாது. சங்கம் இதில் செய்யக்கூடியது, அங்கத்தினர் கேட்கும் விதையையும் நாற்றையும் ஒன்றாகக் கொள்முதல் செய்து, ஆவணிக் கடைசியில், அதற்குமுன் அன்று, வழங்குவதுதான்.

பூச்செடி வைத்தோர் கவாத்தை மறக்கலாகாது. குண்டுமல்லியைக் கார்த்திகை முற்பாதியிலும், பிச்சியை மார்கழி நடுவிலும், முல்லையைத் தை நடுவிலும் தரையினின்று ஒன்றரை அடி விட்டு வெட்டி, இலைகளை உருவி, செடியொன்றுக்கு ஒரு கூடை சாணவெரு இடவேண்டும். வெட்டிய குச்சிகளில் முற்றியவற்றை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கி, நிழலில் ஈரமண்ணில் ஊன்றி வைத்தால், அடுத்த ஆவணியில் பக்கத்து வீட்டிற்குக் கொடுக்கக் கன்று தயாராயிருக்கும்.