குருத்துப்பூச்சியின் இனப்பெருக்கமும் ஹார்மோனும்

தஞ்சை நாட்டில் குறுவை, சம்பா, தாளடி ஆகிய மூன்று போகங்களிலும் நெற்பயிரைத் தாக்கக்கூடியது மஞ்சள் குருத்துப்பூச்சி. இளம்பயிரில் நடுக்குருத்துக் காய்வதும், கதிர் மணி பிடியாமல் வெளுத்து நிற்பதும் இதன் புழு தண்டினுட் புகுந்து தின்பதால் நேர்வனவாம். வெளுத்த கதிர் எம்மருந்தாலும் மீளாது. ஆதலின் அந்துப்பூச்சி நடமாடும் காலத்தை முன்னரே அறிதல் அவசியம்.

பெண் அந்துப்பூச்சி இரவில் ஒருவித மணத்தை வெளியிட்டு ஆணை அழைக்கின்றது. அம்மணம் வயிற்றின் நுனியிலுள்ள சுரப்பியில் உண்டாவது. அச்சுரப்பியை ஏவுவது தலையிலிருந்து வரும் ஹார்மோனே என்பதை 1984-ல் அமெரிக்காவில் ரெய்னா, கிளன் என்னும் இருவர் மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் அந்துப்பூச்சியைக் கொண்டு நிரூபித்தனர். கழுத்தை இறுகக் கட்டிய பெண்பூச்சியில் மணம் உண்டாகவில்லை. மூளைச் சாற்றை உடலிற் செலுத்தியதும் உண்டாயிற்று. இவ்வகை ஹார்மோன் பின்னர் வேறு பல அந்துப்பூச்சிகளிலும் காணப்பட்டது.

குருத்துப்பூச்சியின் மணத்தில் முக்கியமான இரு பொருள்கள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகக் கலந்துள்ளன. அவற்றைச் செயற்கையாகச் செய்து பொறியில் வைத்தால் ஆண்பூச்சிகள் வந்து சிக்கும். தினந்தோறும் அவற்றை எண்ணிக் குறித்துவரல் வேண்டும். தொகை உயருமாயின், முட்டையிடும் காலம் நெருங்கியதென்று உணர்ந்து வயலைச் சோதித்தல் வேண்டும். இலை நுனியருகே வெளிர்பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல்களைக் கிள்ளியெடுத்து அழித்தல் நலம். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளுவதாலும் முட்டைகள் நீங்கும்.

ஒருவர் வயலிற் பிறந்த பூச்சி அயல்வயலிலும் முட்டையிடும். ஆதலால் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் ஒன்றுகூடி, ஊர் முழுவதும் ஏககாலத்தில் இம்முறையைக் கைக்கொள்வதே முழுப்பயன் அளிக்கும்.